ஊரைச் சேர்க்காத சங்கம்

2021 யூலை 8ஆம் திகதி கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகே போராடியவர்கள் கைதானார்கள். நீதிமன்றம் பிணை வழங்கிய பிறகும் அவர்களை வீட்டுக்குப் போக விடவில்லை. தனிமைப்படுத்தல் என்று சொல்லி, அவர்களில் பலரை வன்னிக்கு, முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் அவர்களில் ஒருவர். நான்கு நாள் கழித்து, யூலை 12இல், ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். கைதானவர்களை விடுவிக்கவேண்டும் என்ற குரலோடு 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாடும் சேர்ந்துகொண்டது. அந்தப் போராட்டம் ஒக்டோபர் 25இல் ஆசிரியர்கள் பாடசாலைக்குத் திரும்பும்வரை நீடித்தது. இதே கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்கு முன்னால்தான் 2017 ஜனவரி இறுதியில் பிலக்குடியிருப்பு மக்கள் பிள்ளைகுட்டிகளோடு குந்தினார்கள். ஒரு மாதம் இருந்து, மார்ச் 1இல் விமானப்படை வைத்திருந்த தங்கள் காணியை மீட்டார்கள். ஆசிரியர் போராட்டத்தையும் ஊர்ப் போராட்டத்தையும் ஒன்றாக வைத்து நாம் பேசுவதே குறைவு. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கும் மேலான அந்தப் போராட்டத்தின் முடிவில், சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சிபாரிசு செய்த சம்பள உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கிடைத்தது. மிச்சம் இரண்டு பங்குக்காக 2024 யூன் 26இல் மறுபடியும் சுகயீன விடுமுறைப் போராட்டம். கொழும்பில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும். கோரிக்கை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் போராட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிட்டத்தட்ட மூன்று வருடம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ கண்டாவளையிலோ உள்ள ஒரு தாயிடம் சங்கத்தின் பெயரால் யார் போய்ப் பேசினார்கள்? போனும் சிக்னலும் இல்லாத வீடுகளில் பிள்ளையின் படிப்பு, ஆசிரியர் விலகுவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அந்தப் பெற்றோருக்கு வேலைநிறுத்தம் தூரத்துச் செய்தி, அல்லது இருந்த கொஞ்சத்தையும் பறித்த செய்தி. இரண்டில் எதுவானாலும் சங்கத்துக்கு நட்டம்தான். அரசாங்கம் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் பெற்றோரின் பொறுமையே தீர்மானிக்கிறது.

சிக்காகோ ஆசிரியர் சங்கம் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. கரன் லூயிஸ் 2010இல் அதன் தலைவியாக வருவதற்கு முன்பே, அவருடைய அணியினர் பாடசாலைகளை மூடும் முடிவுகளுக்கு எதிராகப் பெற்றோரோடு சேர்ந்து கூட்டம் கூட்டமாகப் போய் நின்றவர்கள். 2012 பெப்ரவரியில் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அது அதிகம் பேசியது சம்பளத்தையல்ல. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நூலகம் உண்டா, தாதி உண்டா என்பதை. செப்டெம்பரில் ஏழு பாடசாலை நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்த நகரத்துப் பெற்றோரில் கணிசமானோர் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். அடுத்த வருடமே சுமார் 50 பாடசாலைகள் மூடப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர் உறவு எல்லாவற்றையும் வென்றுதராது. இன்னொரு சம்பவம்: 2018இல் மேற்கு வேர்ஜீனியா ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குமுன், பாடசாலைச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு உணவுப் பொதி கட்டிக் கொடுத்தார்கள். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தெரிந்த வன்னி ஆசிரியருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்களுடைய இடத்தில் பெற்றோரோடு சேரும் இந்த வேலையை மிகக் கடினமாக்குவது சம்பளமல்ல, இடமாற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து விடியமுன் பஸ் ஏறி, ஏ-9 வீதியால் மாங்குளம் சந்தியில் இறங்கி, ஒட்டுசுட்டான் பக்கமோ மல்லாவி பக்கமோ இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆசிரியை, கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் போகக் கேட்பது அவருடைய உரிமை. சங்கம் அதற்காக நிற்பதும் சரி. ஆனால் அவர் போகும் நாளில் அந்தப் பாடசாலையின் ஒரே கணித ஆசிரியரும் போய்விடுகிறார். சங்கத்தின் வெற்றி அந்த ஊரின் இழப்பு. பெற்றோரின் மனக்கசப்புக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன். பதிலுக்கு ஆள் வந்த பிறகே விடுவிப்பு, தங்கிப் படிப்பிக்க ஒழுங்கான ஆசிரியர் விடுதி, பாடசாலை நேரத்துக்கு ஏற்ற பஸ்: இவை ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து கேட்கக்கூடியவை. சேர்ந்து கேட்டால் வலயக் கல்விப் பணிமனை ஒருவரைக் காட்டி மற்றவரைச் சமாளிக்க முடியாது.

இதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே என்பார்கள். அதன் கூட்டம் எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் அதிபர். பிள்ளைகளின் கதிரையில் தாய்மார் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். போன கூட்ட அறிக்கை, கணக்கு, சிரமதானம், ஒரு காசுச் சேர்ப்பு, அதோடு முடிந்தது. பாடத்துக்கு ஏன் ஆசிரியர் இல்லை என்று எழுந்து கேட்கும் தாய், தன் பிள்ளைக்கு ஏதும் வருமோ என்று யோசிக்கிறாள். அந்த மேசைக்கு வெளியே ஒரு பேச்சிடம் தேவை.

அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. போருக்குப் பிறகு நாலு பேர் கூடினாலே யார், எதற்கு என்று புலனாய்வாளர் விசாரித்த மண் இது. ஆசிரியர் வீடுவீடாகப் போனால் அரசியல் என்று முத்திரை விழும், கட்சிக்காரர் புகுந்துகொள்வார்கள் என்ற பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் பயந்து ஒதுங்கியதால் முத்திரை விழாமல் விட்டதா? சங்கத்தின் பொதுச் செயலாளரையே பிணைக்குப் பிறகும் முகாமில் வைத்தார்கள். பாதுகாப்பு இருப்பது வெளிப்படையில்தான்: சனசமூக நிலையத்தில் பகலில் கூட்டம், எழுதி வைத்த அறிக்கை, மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் அறிய அழைப்பு, கட்சி மேடைக்கு இடமில்லை என்ற எழுத்து விதி.

இப்படிப் பெற்றோரிடம் போய்ப் பேச, கல்விக் கோட்டத்துக்கு ஐந்தாறு ஆசிரியர் கொண்ட அணி போதும். அதில் பாதிப் பேராவது அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களாக இருக்கவேண்டும். பின்னேர பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரிடம் இந்த வேலையைச் சுமத்துவது அநியாயம். ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளே தாய்மாரை நன்றாக அறிந்தவர்கள், அவர்களே முன்னால் நிற்கட்டும். அரிவு வெட்டுக் காலத்தில் எந்தப் பிள்ளை வரவில்லை, நுண்கடன் கட்டும் நாளில் எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். துணுக்காய் வலயத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். வருடாந்த இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன்பே பாடசாலை பாடசாலையாக வெற்றிடங்களைப் பெற்றோரோடு உட்கார்ந்து எழுதி, சங்கமும் பெற்றோரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு மாகாணக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுக்கட்டும்.