காலையில மக்கர் பண்ற லாரி!

நாமக்கல் பக்கம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கும் நண்பர் ஒருவரின் கேள்விதான் இந்த வாரம். 'அப்பாவோட பழைய லாரி காலையில ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் அடம் பிடிக்குது. ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிட்டா அன்னிக்குப் பூரா பிரச்னை இல்லை. பம்ப்பை இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார். இறக்கலாமா?'

கொஞ்சம் பொறுங்க பாஸ்! பம்ப்பை இறக்கினா ஆயிரக்கணக்கில் பில் வரும். வண்டி நின்னா லோடு போச்சு. ஆனா ஃபைனான்ஸ் தவணை நிக்காதே! அதனால பம்ப், கடைசியா கை வைக்க வேண்டிய இடம். காசு செலவில்லாத டெஸ்ட்டுகளை முதல்ல முடிச்சுடுவோம்.

குட்டியா ஒரு தியரி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை பதினாறு, பதினேழில் ஒரு பங்காக பிஸ்டன் அமுக்கும்போது அது சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும். அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் தானாகப் பத்திக்கும். ஆக, தேவை மூணே மூணு: வேகமா சுத்தணும், கம்ப்ரஷன் இருக்கணும், டீசல் சரியா வரணும். இதில் எது மிஸ்ஸிங்?

அதை சைலன்சரே சொல்லும். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்க புகையைப் பாருங்க. புகையே வரலைன்னா சிலிண்டருக்கு டீசல் போகலை. ஸ்டாப் கேபிள் சிக்கியிருக்கான்னும் பாருங்க. வெள்ளைப் புகைன்னா டீசல் போகுது, ஆனா பத்தலை. கறுப்புப் புகைன்னா காற்று பத்தலை, ஏர் ஃபில்டரைத் திறங்க.

அடுத்து பேட்டரி. பெரிய லாரிகளில் ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். சும்மா இருக்கும்போது ஒவ்வொண்ணும் 12.6 வோல்ட் கிட்ட காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது மொத்தம் 19-க்குக் கீழே விழுந்தா பேட்டரி வீக், இல்லேன்னா இணைப்பில் கோளாறு. பச்சை பூத்த டெர்மினலையும் எர்த் ஒயரையும் சுத்தம் பண்ணுங்க. இன்ஜின் மெதுவா சுத்தினா, அமுக்கின சூடு சிலிண்டர் சுவரிலேயே போயிடும்.

இப்போ நம்ம நண்பர் மேட்டர். காலையில மட்டும் மக்கர், அப்புறம் ஓகே. இங்கே முதல் சந்தேகம் ஏர் மேலதான்! டாங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சித்தான் எடுக்குது. அந்த வழியில் சின்னதா லீக் இருந்தா, வண்டி ஓடும்போது வெளியே ஒரு சொட்டுகூட சிந்தாது. ஆனா ராத்திரி அது வழியா காற்று நுழைய, டீசல் டாங்க்குக்கே திரும்பிடும். காலையில பைப் காலி!

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். காலையில செல்ஃப் அடிக்கும் முன்னாடி ஹேண்ட் பிரைமரை அடிங்க. ரொம்ப நேரம் லூஸா போய், அப்புறம் கெட்டியாகி, ஒரே செல்ஃபில் வண்டி எடுத்துக்கிச்சா? திருடன் அகப்பட்டான்! காப்பர் வாஷர், வெடிச்ச ஹோஸ், ஃபில்டர் ரப்பர், பிரைமர் வால்வு, இப்படி ஒவ்வொண்ணா செக் பண்ணுங்க. அந்த வழியில் தற்காலிகமா ஒரு டிரான்ஸ்பரன்ட் ஹோஸ் மாட்டினா குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும்.

ஏர் எடுக்க, ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, குமிழி இல்லாம டீசல் வரும்வரை பிரைமரை அடிச்சு டைட் பண்ணுங்க. பம்ப் ஸ்க்ரூவிலும் அதே வேலை.

இதெல்லாம் சரியா இருந்தும் அடம் பிடிச்சா வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன், நாசில், டைமிங். அதுக்கப்புறம்தான் பம்ப்.

மூணு 'கூடாது'! ஒண்ணு, ஈதர் ஸ்பிரே அடிக்கிறது, எரியுற துணியைக் காற்று வழியில் காட்டுறது ரெண்டும் வேண்டாம். ஈதர் நேரம் தப்பி வெடிச்சா பிஸ்டனே உடையலாம். ரெண்டு, செல்ஃபை தொடர்ந்து பத்து பதினஞ்சு செகண்டுக்கு மேல அடிக்காதீங்க. மூணு, நாசில் பைப் லீக்கைக் கையால் தடவிப் பார்க்காதீங்க. அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். ஊசி குத்தின அளவு காயம்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இந்த வைத்தியம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 மாதிரி காமன் ரெயில் வண்டிகளில் பைப் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். அங்கே ஸ்பேனரோட கிட்டயே போகாதீங்க!

நண்பரே, மெக்கானிக்கோட சண்டை போட வேண்டாம். 'அண்ணே, பம்ப்பை இறக்குறதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையில பிரைமரை அடிச்சு ஒரு தடவை பார்த்துடலாமா?'ன்னு கேளுங்க. மாத்த வேண்டியது ஒரு வாஷரா இருந்தா, அப்பாவோட ஒரு மாசத் தவணையை நீங்க மிச்சம் பிடிச்சிருப்பீங்க!