ஆற்று நீர் யாருக்குச் சொந்தம்?

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வருவது வான்சிறப்பு. மழையை இறைவனுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். ஆயினும் அம்மழை ஆறாகி, அணையில் தேங்கி, வாய்க்காலில் இறங்கியதும் ‘எனக்கு, உனக்கு’ என்ற வழக்குத் தொடங்கிவிடுகிறது. உழவர் கேட்கிறார், மின் நிலையம் கேட்கிறது, ஆலையும் கேட்கிறது. மலையில் வாழும் பழங்குடியினரின் குரலோ கீழே வந்து சேர்வதே இல்லை. இந்நால்வருள் யாருக்கு முதலிடம்? மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் கருத்தைப் பணிவுடன் இங்கே வைக்கிறோம்.

இதற்குத் தொலைதூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் வட்டாரத்தார் பி.ஏ.பி. என்று அழைக்கும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமே போதும். ஆனைமலையில் பெய்து மேற்குக் கடலுக்குச் செல்லும் நீரை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பும் திட்டம் இது. தமிழ்நாடும் கேரளமும் 1970-ஆம் ஆண்டு மே 29-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி தமிழகத்திற்கு 30.5 டி.எம்.சி. வரையும், கேரளத்தின் சித்தூர்ப் பகுதிக்கு 7.25 டி.எம்.சி.யும் உரியவை. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த அளவு, வயலுக்கு வரும்போது சுருங்கிவிடுகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் திருமூர்த்தி அணையை நம்பியுள்ள சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நிலமும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலமும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பாசனம் பெறுகிறது. அந்த முறையிலும் தலைமடையில் களவாக உறிஞ்சப்படுவதால் கடைமடை காய்கிறது. வெள்ளகோவில் கிளைக் கால்வாய் உழவர்கள் தங்களுக்குரிய நீருக்காகப் பலமுறை போராடியிருக்கிறார்கள்.

மின்சாரத்தின் நிலை வேறு. தூணக்கடவு அணையிலிருந்து இறங்கும் நீர் சர்க்கார்பதியில் 30 மெகாவாட் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, மலையோரக் கால்வாய் வழியே திருமூர்த்திக்குச் செல்கிறது. காடம்பாறையிலோ மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். மின் நிலையம் நீரைக் குடிப்பதில்லை, கடத்தி விடுகிறது. ஆகவே அங்கே பிரச்சினை அளவைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. பயிர் வாடும் வாரத்தில் நீர் கீழே வருகிறதா என்பதே கேள்வி.

இனி மலைக்கு ஏறுவோம். பரம்பிக்குளத்தில் காடர், மலசர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுடைய குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் ‘எர்த் டேம் காலனி’. மற்றொன்றின் பெயர் ‘பி.ஏ.பி. காலனி’. அணை வந்த பிறகு ஊரின் பெயரும் அணையின் பெயராகிவிட்டது! ஒப்பந்தம் நீரைப் பங்கிட்டது இரண்டு மாநிலங்களுக்கிடையே. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அதில் தனிப் பங்கு ஏது? இதே நீர் சென்று சேர வேண்டிய சாலக்குடி ஆற்றில், 163 மெகாவாட் அதிரப்பள்ளி மின் திட்டத்தை வாழச்சால் காடர்கள் எதிர்த்து நின்றனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2014-இல் அவர்கள் தங்கள் காட்டின் மீது சமூக உரிமை பெற்றனர். கேட்கும் வழி திறந்தால் அவர்களும் பேசுவார்கள் என்பதற்கு இதுவே சான்று.

நான்காவதாக நிற்பது நம் பனியன் தொழில். “ஒரு லிட்டர் நீரால் மக்காச்சோளம் தரும் பணத்தைவிடச் சாயத் தொழில் தரும் பணம் அதிகம், ஆகவே ஆலைக்கே முதலிடம்” என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை எளிதில் ஒதுக்க முடியாது. எங்களில் பலருடைய கல்விக் கட்டணம் பனியன் கம்பெனிக் கூலியிலிருந்து வருவது. ஆனால் பணத்தை மட்டும் அளந்ததன் பலனை நொய்யலில் கண்டோம். உழவருக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கிணறுகள் உப்பாயின. இறுதியில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, தொழிலாளர் வீடுகளிலும் அடுப்பு அணைந்தது. உழவரை வாட்டிய தவறு கடைசியில் தொழிலாளியையும் விடவில்லை. சுத்திகரித்த நீரையே திரும்பப் பயன்படுத்தும் முறை வந்த பின்னரே தொழில் மீண்டும் எழுந்தது.

இவற்றிலிருந்து நாங்கள் காணும் நியாயம் இது: நீரைத் திருப்பித் தர முடிந்தவர், திருப்பித் தர முடியாதவருக்கு வழிவிட வேண்டும். மனிதர் குடித்த நீரும் பயிர் குடித்த நீரும் மீளா. ஆகவே மலைக் குடியிருப்பு உட்பட எல்லோருடைய குடிநீரும் முதலில். கடைமடை வயல் அடுத்து. மின் நிலையம் உழவரின் காலத்தை அனுசரிக்கட்டும். சாய ஆலை புது நீரைக் கேட்குமுன் பழைய நீரைச் சுத்தம் செய்யட்டும். 2002-ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கையும் குடிநீர், பாசனம், மின்சாரம் ஆகியவற்றுக்குப் பின்னரே ஆலைகளை வைத்தது. உழவருக்கும் கடமை உண்டு. சொட்டு நீர்ப் பாசனத்தை ஏற்பதும், கால்வாயில் களவாக மோட்டார் வைப்போரைத் தம் உறவினரே ஆயினும் தடுப்பதும் அவர்கள் கையில் உள்ளவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நீரைப் பங்கிட அமரும் கூட்டத்தில் காடரும் மலசரும் அமர இடம் வேண்டும்.

அன்புத் தோழியரே, எங்கள் வகுப்பில் பொங்கலூர் உழவர் மகளும் சாயப்பட்டறைத் தொழிலாளி மகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் நீரைப் பறித்து மற்றொருத்தி வாழ முடியாது. பெற்றோரே, வயலிலும் ஆலையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். உங்கள் முடிவு கடைமடையில் இருப்பவரை நினைத்து எடுக்கப்படட்டும். நாளை அந்த இடத்துக்கு நாங்கள் வரும்போது, பங்கிடுவதற்கு நீர் மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?