பொட்டலம் அல்ல, பந்தி

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையில் இருபத்திரண்டு நாள். கேக்கும் போர்வையும் பிரியாணிப் பொட்டலமும் சிறப்புப் பள்ளிகளைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். கொடுக்கிற கையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்பது வேறு. விருந்து வைத்தால் உறவினரையும் பணக்கார அண்டைவீட்டாரையும் விட்டுவிட்டு ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார். அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம். வாசலில் நிறுத்திப் பொட்டலம் கொடுக்கச் சொல்லவில்லை, பந்தியில் உட்காரவைக்கச் சொல்கிறார்.

ஓசூரில் அந்தப் பந்தியை எங்கே போடுவது? இது ஷிப்ட் கணக்கில் வாழும் ஊர். அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட், அம்மா வேறொரு தொழிற்சாலையில் முதல் ஷிப்ட், பாட்டி தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலோ ஒடிசாவிலோ. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையை யார் பார்ப்பது? ஊனச் சான்றிதழ் வேலையாகக் கிருஷ்ணகிரிக்குப் போனால் சுமார் 50 கிலோமீட்டர். நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குப் பெங்களூரு போனால் அதே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் சுமார் 40 கிலோமீட்டர். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போகும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குத் தமிழில் பேச்சுப் பயிற்சி என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி ஏறும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தில் எட்டு மணி நேரப் பராமரிப்பை வாங்க முடியாது. கடைசியில் வேலையை விடுவது பெரும்பாலும் தாய்தான்.

அந்தப் பராமரிப்புக்கு வேண்டிய நேரமும் இடமும் கிறிஸ்தவ சபைகளிடம் இருக்கின்றன. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் ஆலய மண்டபங்களைப் பகல்நேரப் பராமரிப்பு மையங்களாக ஏன் திறக்கக் கூடாது? முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் ஆஷா நிகேதன் 1970-இல் பெங்களூருவில் தொடங்கியது. பிரான்சில் 1964-இல் ழான் வனியே தொடங்கிய ‘லார்ஷ்’ இயக்கத்தின் முதல் இந்திய வீடு அது. ஒரே மேசையில் சாப்பிடுவதுதான் அங்கே சேவையின் மையம்.

ஆனால் அதே வனியே பல பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை, அவர் இறந்த மறு ஆண்டே, 2020-இல், அந்த இயக்கம் நடத்திய விசாரணை வெளிப்படுத்தியது. ‘அன்பு இருந்தால் போதும், விதி எதற்கு’ என்பவர்கள் இதை மறக்கக் கூடாது. புனிதர் என்று போற்றப்பட்டவரையும் கேள்வி கேட்க வழி இருந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள், பெற்றோர் இடம்பெறும் மேற்பார்வைக் குழு, வெளியார் தணிக்கை ஆகிய மூன்றும் இல்லாத மையத்தைத் திறக்காமலே இருக்கலாம்.

மதமாற்றத்துக்கு இது தூண்டிலா என்ற சந்தேகமும் எழும். அப்படிக் கேட்பவர்மீது கோபப்பட வேண்டியதில்லை. திருப்பித் தர முடியாதவரை அழைக்கச் சொன்ன அந்த லூக்கா பகுதியையே பதிலாகச் சொல்லலாம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு ஈடாக ஜெபத்தையோ ஞானஸ்நானத்தையோ எதிர்பார்ப்பதும் கைம்மாறு கேட்பதுதான். மையத்தில் மதப் போதனை கிடையாது என்று வாசலிலேயே மூன்று மொழிகளில் எழுதிவைக்கலாம். இதெல்லாம் அரசின் வேலை என்பாரும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசின்மேல் சுமத்திய கடமையைச் சபை தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை, அதை அரசிடம் வற்புறுத்திக் கேட்கும் குரலாகவும் சபை இருக்கலாம். இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது மையத்தின் கடிகாரத்தை. மாலை ஐந்துக்குப் பூட்டிவிட்டால், இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போன தாய்க்கு அதனால் பயனில்லை. அவர் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும்.