பாலிசி இருக்கிறது, பேக் அப் இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம் கடைகளில் இப்போது ஒரு வாசகம் அடிக்கடி சொல்லப்படுகிறது. "எல்லாம் கிளவுட்ல போயிடும் சார், பேக் அப் பத்திக் கவலையே வேண்டாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தெந்த பைல் போகும், எவ்வளவு நேரத்திற்கு ஒரு முறை போகும், அங்கே எத்தனை நாள் இருக்கும் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் கிடைப்பது அரிது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கம்ப்யூட்டரிலேயே தேடினாலும் இதற்கான பதில் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை தங்கள் கணக்கு வழக்குகளை அட்டவணைகளாக்கி, இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் வைத்து, இண்டர்நெட் வழியே பயன்படுத்துகின்றன. இதுதான் கிளவுட் டேட்டாபேஸ். அதனிடம் கேள்வி கேட்க எஸ்.க்யூ.எல். என்ற மொழி உள்ளது. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்த இந்த மொழிதான் இன்றும் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் பேசப்படுகிறது. ஸ்நோபிளேக் என்ற கிளவுட் டேட்டாபேஸை எடுத்துக் கொள்வோம். அதில் "ஷோ பேக்கப் பாலிசீஸ்" என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை டைப் செய்து என்டர் தட்டினால் போதும். எந்தெந்த பேக் அப் பாலிசி எழுதி வைக்கப்பட்டுள்ளது என்ற பட்டியல் திரையில் வந்து நிற்கும்.

பாலிசி என்றதும் எல்.ஐ.சி. ஏஜென்ட் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஒப்பீடு பொருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கே பாலிசி என்பது ஒரு விதி. "60 நிமிடத்திற்கு ஒரு முறை காப்பி எடு, 90 நாள் கழித்து அதை அழித்து விடு" என்பது போன்றது. பிரீமியம் கட்டாத பாலிசிப் பத்திரம் பீரோவில் எத்தனை வருடம் இருந்தாலும் பயன் கிடையாது அல்லவா? இதுவும் அப்படித்தான். விதியை எழுதி வைத்தால் மட்டும் காப்பி உருவாகி விடாது. எந்த டேட்டாவுக்கு அந்த விதி என்று "பேக்கப் செட்" ஒன்றை அமைத்து, அதனுடன் இணைக்க வேண்டும். இணைக்காத பாலிசியும் அந்தப் பட்டியலில் அழகாக உட்கார்ந்திருக்கும். எனவே விவரம் அறிந்தவர்கள் அந்த ஒரு கட்டளையோடு நிற்க மாட்டார்கள். "ஷோ பேக்கப் செட்ஸ்" என்று கேட்பார்கள். பிறகு அந்த செட்டுக்குள் உண்மையில் எத்தனை காப்பி இருக்கிறது, கடைசிக் காப்பி எப்போது எடுக்கப்பட்டது என்று பார்ப்பார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தக் கட்டளைகள், கேட்பவருக்கு அனுமதி உள்ளவற்றை மட்டுமே காட்டும். பட்டியல் காலியாக வந்தால் பாலிசியே இல்லை என்றும் பொருள் இருக்கலாம், உங்களுக்குப் பார்க்க உரிமை இல்லை என்றும் பொருள் இருக்கலாம்.

விதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கிட்லேப் நிறுவனத்தின் கதையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 அன்று இரவு, அங்கு பணிபுரிந்த ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை முதன்மை சர்வரில் அழித்து விட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் நாலரை ஜி.பி. மட்டுமே மிஞ்சியது. சரி, பேக் அப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். அமேசான் கிளவுடில் காப்பி இருக்க வேண்டிய இடம் காலி. தினமும் ஓட வேண்டிய பேக் அப் புரோகிராம், டேட்டாபேஸின் பதிப்பு ஒன்றும் தன் பதிப்பு வேறொன்றுமாக இருந்ததால் ஒவ்வொரு நாளும் பிழை காட்டி நின்று போயிருக்கிறது. பிழை என்று சொல்ல அது அனுப்பிய இமெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. யாருக்கும் தெரியவில்லை. அஸூர் கிளவுடின் டிஸ்க் காப்பி வசதி வேறு சர்வர்களுக்கு இருந்தது, இந்த சர்வருக்கு இல்லை. பேக் அப் பாலிசி இருந்ததா என்று முதல் நாள் கேட்டிருந்தால், ஒன்றல்ல, ஐந்து வழிகளைச் சொல்லியிருப்பார்கள்! கடைசியில், சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த காப்பிதான் கை கொடுத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் அவர்களே முழுக்க எழுதி வெளியிட்டார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும்.

பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு. உள்ளதைத்தான் அது காட்டும், விட்டுப்போனதைக் காட்டாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல்களை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பின் 858 டெரா பைட் டேட்டா அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு மட்டும் வெளியே காப்பி எடுக்கப்படவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் வீட்டில் ஆறு மணி நேரப் பதிவு அல்ல, குழந்தையின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள்தான் போகும். விண்டோஸ் தரும் ஒன் டிரைவ் பேக் அப், டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில போல்டர்களை மட்டுமே பார்த்துக் கொள்ளும். நம்மில் பலர் போட்டோக்களை எங்கே வைக்கிறோம்? சி டிரைவ் நிறைந்து விடும் என்று டி டிரைவில்! அதை அது தொடுவதே இல்லை. இலவச இடமும் 5 ஜி.பி. தான். போனில் கூகுள் போட்டோஸ், கேமராவில் எடுத்ததை மட்டும் அனுப்பும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் போல்டரை நாமே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிமெயிலும் பங்கு போடும் அந்த 15 ஜி.பி. நிறைந்தால் பேக் அப் நின்று விடும். போதாக்குறைக்கு, ஒன் டிரைவ் போல ஒத்திசைந்து இயங்கும் இடங்களில், கம்ப்யூட்டரில் ஒரு பைலை அழித்தால் கிளவுடிலும் அழிந்து விடும். அங்குள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் மட்டுமே இருக்கும்.

இத்தனையையும் ஐந்தாறு மெனுக்களுக்குள் புகுந்து புகுந்து தேட வேண்டியிருப்பதுதான் என் ஆதங்கம். டேட்டாபேஸ் வல்லுநருக்கு மூன்று சொல்லில் கிடைக்கும் பதில், எதுவும் தெரியாத புதியவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? மைக்ரோசாப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் பச்சை நிற டிக் அடையாளம் காட்டி நம்மைச் சமாதானப்படுத்துவதற்குப் பதில், "இந்த போல்டர், இத்தனை பைல், கடைசியாக இன்ன தேதி, இவை சேர்க்கப்படவில்லை" என்று ஒரே திரையில் காட்டலாம். தொழில்நுட்பம் தடையில்லை. கேட்பவர்கள் இல்லை.

அதுவரை ஒரு நோட்டுப் புத்தகமே நமக்கு "ஷோ பேக்கப் பாலிசீஸ்". போட்டோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன் செய்த பைல், பிள்ளைகளின் சான்றிதழ் என்று வரிசையாக எழுதி, எதிரே காப்பி இருக்கும் இடத்தையும் தேதியையும் குறியுங்கள். குறித்த பின் ஏதாவது ஒரு பழைய போட்டோவை அந்தக் காப்பியிலிருந்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், அசல் கையில் இருக்கும்போதே வேறொரு காப்பி எடுத்துக் கொள்ளலாம்.