தமிழ் வகுப்பறையில் இணைய வளங்கள்: தேடலும் சரிபார்ப்பும்

முன்னுரை

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் மூலநூலுக்காக நூலகத்தை மட்டுமே சார்ந்திருந்த காலம் கடந்துவிட்டது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்பாடங்களாக வழங்கி வருகிறது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், இலக்கண இலக்கியங்களை உரைகளுடன் தருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் திட்டம் ஆவணப்படுத்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னகராதித் தொகுப்பில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆகவே வளம் இல்லை என்னும் குறை பெருமளவு நீங்கியுள்ளது. கிடைத்த வளத்தை எந்த அளவுகோலால் தெரிவு செய்வது, வகுப்பறையில் எவ்வாறு கையாள்வது என்பனவே இன்று எழும் வினாக்கள். இணைய முகவரிகளின் பட்டியலை மாணவர்க்கு வழங்குவதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மின்பாடமும் பதிப்பும்

அச்சுப் பதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் பதிப்பாசிரியர், ஆண்டு, பயன்பட்ட சுவடிகள், பாடவேறுபாடுகள் ஆகியவை அந்நூலிலேயே இடம்பெறும். உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பு மூலத்தோடு பழைய உரையையும் கொண்டது. அவ்வுரை 266 பாடல்கள் வரையே கிடைத்துள்ளது. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஒரு நூல் எவ்வளவு சிதைந்து, எத்தகைய முயற்சியால் மீண்டு வந்தது என்பதை இச்செய்திகள் உணர்த்துகின்றன. மூலத்தை மட்டும் தனியே பெயர்த்துத் தரும் மின்பக்கத்தில் இவ்வரலாறு மறைந்துவிடுகிறது. அதனைப் படிக்கும் மாணவர், திரையில் காணும் வடிவமே நூலின் ஒரே வடிவம் எனக் கொள்கிறார். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அச்சுப் பதிப்பின் பெயரை எழுதிவிட்டு, மேற்கோளை இணையத்திலிருந்து படியெடுக்கும் வழக்கம் இதன் விளைவே. அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபடுமாயின், அந்த அடிக்குறிப்பு பொய்ச்சான்றாகிவிடும்.

தேடுகருவியின் எல்லை

மின்பாடத்தின் பெரும்பயன் சொல் தேடல். எனினும் தமிழின் எழுத்தமைப்பும் புணர்ச்சியும் அத்தேடலுக்கு வரம்பு இடுகின்றன. ‘அருவி’ என்று தேடினால் ‘வெள்ளருவி’ அகப்படாது. ‘வெள்’ என்பதன் ஈற்று ஒற்றோடு அகரம் கூடி உயிர்மெய்யாகிவிடுவதால், தேடப்படும் ‘அ’ என்னும் எழுத்தே அங்கு இல்லை. ‘நாடு’ என்று தேடினால் ‘நாடென’ அகப்படாது; குற்றியலுகரம் கெட்டு வருமொழியின் எகரம் ஏறியிருக்கும். மாறாக, ‘மா’ என்று தேடினால் ‘மான்’, ‘மாலை’ முதலிய தொடர்பற்ற சொற்களும் வந்து குவியும். சீர் பிரித்த பாடத்தில் வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களில் பிளவுபட்டிருக்கும். அப்போது முழுச்சொல்லைத் தேடுவதால் பயனில்லை.

1950களில் மர்ரே எஸ்.ராஜம் வெளியிட்ட பதிப்புகளைப் போலச் சந்தி பிரித்த பாடத்தில் கிடைக்கும் எண்ணிக்கை ஒன்று; சந்தி பிரிக்காத பாடத்தில் கிடைப்பது வேறொன்று. சங்க இலக்கியத்தில் இச்சொல் இத்தனை இடங்களில் வருகிறது என ஆய்வாளர் எழுதும்போது, எப்பாடத்தில், எவ்வாறு எண்ணப்பட்டது என்பதைக் கூறாவிடின் அவ்வெண்ணுக்கு ஆய்வு மதிப்பு இல்லை. தேடுகருவியைப் பயன்படுத்தப் புணரியல் அறிவு வேண்டும். இலக்கண வகுப்பையும் கணினி வகுப்பையும் இருவேறாக நடத்துவோர் இத்தொடர்பைக் கருதுவதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

மின்பாடத்திற்கு இத்துணைக் கட்டுப்பாடு விதித்தால், நல்ல நூலகம் இல்லாத ஊர்களில் கைப்பேசி ஒன்றையே துணையாகக் கொண்டு பயிலும் மாணவர் என் செய்வர் என்று கேட்கலாம். இது புறந்தள்ளத் தக்க வினா அன்று. ஆனால் விடையும் இணையத்திலேயே உள்ளது. பழைய பதிப்புகள் பலவற்றின் மின்படிமங்கள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேடுவதற்கு மின்பாடம், உறுதி செய்வதற்கு மின்படிமம் என இரண்டையும் இணைத்துக் கையாளப் பழகினால், அச்சுநூல் கைக்கு எட்டாத மாணவரும் சான்று காட்டி எழுத இயலும். இப்பழக்கம் இல்லாதவர்க்கு நூலகம் அருகில் இருந்தும் பயனில்லை.

வகுப்பறைக்குரிய பயிற்சி

இவ்வகையில் தமிழ் விக்கிமூலம் தனிக் கவனத்திற்கு உரியது. அதன் மெய்ப்புப் பார்க்கும் பக்கத்தில் நூலின் படிமம் ஒருபுறமும் எழுத்துணரி வழிப் பெற்ற உரை மறுபுறமும் அமைந்திருக்கும். மாணவர் ஒவ்வொருவரும் பருவந்தோறும் சில பக்கங்களை மெய்ப்புப் பார்த்துத் திருத்தினால், ரகர றகரப் பிறழ்ச்சி, புள்ளி விடுபாடு, ‘கால்’ குறிக்கும் ரகரத்துக்குமான மயக்கம் ஆகியவற்றை நேரில் அறிவர். சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் எங்கெங்குத் தடுமாறியிருப்பர் என்பதும் அவர்க்கு எளிதில் விளங்கும். சுவடியியல் தாளில் மனப்பாடம் செய்யப்படும் பாடவேறுபாடு என்னும் கருத்து, இவ்வாறு கைப்பழக்கமாகிறது. திருத்திய பக்கம் அனைவர்க்கும் பயன்படுவது கூடுதல் நன்மை.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும் உரிய மின்பாடத்தை அதன் அடிப்படைப் பதிப்பு, சந்தி நிலை, உரை உண்மை இன்மை ஆகிய குறிப்புகளுடன் மதிப்பிட்டு வெளியிடுதல். இரண்டு, ஆய்வேடுகளில் மின்பாடத்தைப் பயன்படுத்தினோர் அதனையே வெளிப்படையாகச் சுட்டி, ஒப்புநோக்கிய பதிப்பையும் குறிக்க வேண்டும் என விதித்தல். மூன்று, இளநிலை வகுப்பிலேயே ஒரு பாடலையேனும் மின்பாடத்திலும் மின்படிமத்திலும் ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பட்டியலிடச் செய்தல். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஆசிரியரின் நேரமே செலவு. அந்நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்ப்பது கல்வி நிறுவனங்களின் கடமை.

முடிவுரை

இணைய வளங்கள் தமிழ்க் கல்வியின் வாயிலை அகலத் திறந்துள்ளன. அவற்றை உருவாக்கியோருள் பலர் ஊதியம் கருதாது உழைத்தவர்கள். அவர்கள் தந்ததை ஆராயாமல் படியெடுப்பது அவ்வுழைப்புக்குச் செய்யும் நன்றியாகாது. பிழை கண்டவிடத்துத் திருத்தி, மூலம் எது எனச் சுட்டிப் பயன்படுத்துவதே முறை. எங்குக் கிடைக்கும் என்று கேட்கும் மாணவரை, எப்பதிப்பிலிருந்து வந்தது என்றும் கேட்கப் பழக்கும் வகுப்பறையே இவ்வளங்களால் உண்மைப் பயன் பெறும்.