சந்திரனிலிருந்து பத்து நிமிட நடை



சென்ற இதழ் கைக்குக் கிடைத்த மறுநாளே ஒரு வாசகி தொலைபேசி எடுத்தார். "லண்டன் எண்டால் உங்களுக்கு பிக் பென்னும் டவர் பிரிட்ஜும்தானா? நாங்கள் சாமான் வாங்கிற, பஸ் மாறுற ஊர்களைப் பற்றி ஒருநாளும் எழுத மாட்டீங்களா?" என்று கேட்டார். எந்த ஊரை எழுதலாம், நீங்களே சொல்லுங்கோ என்றேன். "குரொய்டன்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பெயரைக் கேட்டதும் ஆங்கிலேயர்களும் அப்படித்தான் சிரிப்பார்கள். கொங்கிறீட் கோபுரங்கள், ஆறு தடத்து வீதி, மழையில் வெறிச்சோடிய சதுக்கம் என்று பகிடி பண்ண வாகான ஊர். 2021 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 3,90,000 பேர் வாழ்கிறார்கள். 'சிற்றி' என்ற பட்டத்தோடு இருக்கும் எத்தனையோ ஊர்களைவிடப் பெரியது. அந்தப் பட்டத்துக்குப் பலமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. கடதாசியில் இன்னும் அது ஒரு 'ரவுண்'தான்.

எங்கள் ஆட்களுக்குக் குரொய்டன் என்றால் இன்னொரு நினைவும் உண்டு: வெல்லஸ்லி வீதியில் இருபது மாடியோடு நிற்கும் லூனார் ஹவுஸ், குடிவரவு அலுவலகம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கேட்ட எத்தனையோ பேர், இந்த நாட்டில் பாடமாக்கிய முதல் முகவரிகளில் அதுவும் ஒன்று. நானும் ஒரு மார்கழி விடியலில், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரங்களோடு அங்கே வரிசையில் நின்றவன். பக்கத்தில் ஊர்ச் சிநேகிதன் ஒருவன். 'லூனார்' என்றால் என்ன என்று கேட்டான். சந்திரனைச் சேர்ந்தது என்றேன். கழுத்து நோக அண்ணாந்து பார்த்தான். "அப்ப சந்திரனுக்கே வந்திட்டம். ஆம்ஸ்ட்ரோங் வைச்ச மாதிரி நாங்களும் ஒரு காலை வைச்சிட்டால் சரி" என்றான்.

பகிடிக்குச் சொன்னாலும் ஆள் குறி தப்பவில்லை. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கினான். 1970இல் கட்டி முடிந்த இந்தக் கட்டடத்துக்கு அந்தப் புளுகத்திலேயே பெயர் வைத்தார்கள். அருகில் நிற்பதன் பெயர் அப்போலோ ஹவுஸ். கோப்பு அடுக்கும் அலுவலகங்களுக்கு விண்கலத்தின் பெயரைச் சூட்டிய ஊர், அந்த நேரம் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்திருக்கும்!

வெல்லஸ்லி வீதி அதற்கு முன் மரங்களும் விக்டோரியா காலத்து வீடுகளுமாய் இருந்த அமைதியான தெரு. 1956இல் குரொய்டன் மாநகராட்சி, ரவுண் நடுப்பகுதியை மாற்றிக் கட்டுவதற்குத் தனக்கென்றே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வாங்கிக்கொண்டது. லண்டனுக்குள் நெரிசல் தாங்கவில்லை, அலுவலகங்களை வெளியே அனுப்புங்கள் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 1964இல் லண்டனுக்குள் புது அலுவலகக் கட்டடங்களுக்குத் தடையும் வந்தது. ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் விக்டோரியாவில் இறங்கக்கூடிய குரொய்டன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. வந்தார்கள், நிறையவே வந்தார்கள். 1964இல் எழுந்த 24 மாடி சென்ற் ஜோர்ஜஸ் ஹவுஸை எல்லோரும் நெஸ்லே கோபுரம் என்றார்கள். பத்திரிகைகள் ஊருக்கே 'மினி மன்ஹாட்டன்' என்று பட்டம் கட்டின.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த கட்டடம் ஒன்றுதான். கிழக்கு குரொய்டன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேல் நிற்கும். லண்டனின் சென்ரர் பொயின்ற்றைக் கட்டிய ரிச்சர்ட் சீஃபெர்ட்டின் வேலை, 1970இல் முடிந்தது. நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி அடுக்கினால் எப்படியோ அப்படி. பெயர்ப்பலகை எத்தனை தரம் மாறினாலும் ஊர்ச்சனம் அதை 'ஐம்பது பென்ஸ் கட்டடம்' என்றே சொல்கிறது. மழை நாளில் அதன் மூலைகளில் தண்ணீர் வழிந்து நிறம் மாறி நிற்கும்போது அசிங்கம் என்பார்கள். மாலை வெயில் ஒவ்வொரு மூலையிலும் வேறு வேறு மாதிரி விழும் நேரத்தில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் வெல்லஸ்லி வீதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. காருக்கு மேலே இடம், மனிதருக்கு நிலத்துக்குக் கீழே என்று தீர்மானித்த காலம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக மனிசர் படியிறங்கிச் சுரங்கப் பாதைக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஊரின் நடுவே கத்தி போட்ட மாதிரி ஒரு வெட்டு. பின்னால் எத்தனை மரம் நட்டும், 2000ஆம் ஆண்டில் ட்ராம் ஓடவிட்டும், அந்தக் காயம் முற்றாக மூடவில்லை.

லூனார் ஹவுஸில் நின்ற அந்தக் காலத்தில், வீதிக்கு மறுபக்கம் என்ன இருக்கிறதென்று நாங்கள் எட்டியும் பார்க்கவில்லை. அலுவல் முடிந்ததும் ரயில், ரயில் விட்டால் அறை. பல வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை சும்மா நடந்தேன். விட்கிஃப்ட் சென்ரர் என்ற பெரிய கடைத்தொகுதியால் புகுந்து, நோர்த் எண்டில் வெளியேறி, ஜோர்ஜ் தெரு சந்திக்கிற மூலைக்கு வந்தேன். பத்து நிமிடம்தான். கைத்தொலைபேசிக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவே, செங்கல்லில் ஒரு பழைய வீடு. உயரமான புகைபோக்கிகள். வளைவு வாசலுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு முற்றம், புல்தரை, சுற்றிவரச் சின்னச் சின்னக் கதவுகள். எங்கள் நாற்சார் வீட்டை ஆங்கிலச் செங்கல்லில் கட்டினால் இப்படித்தான் இருக்கும். ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து வந்து, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காட்சிக்கு வைத்த இடமாக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, அந்த அம்மா அங்கே குடியிருக்கிறார். முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் கன்ரபரி பேராயராக இருந்த ஜோன் விட்கிஃப்ட், வறிய முதியவர்களுக்காக 1596இல் தொடங்கி 1599இல் முடித்த இல்லம் இது. நானூறு வருடத்துக்கு மேலாக எதற்குக் கட்டினார்களோ அதற்கே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவை அகலமாக்க இதை இடித்துவிடத் திட்டம் போட்டார்கள். வருடக்கணக்காக இழுபட்ட வழக்காட்டம், 1923இல் பிரபுக்கள் சபை குறுக்கிட்டதோடு ஓய்ந்தது. இன்றைக்கு அந்த மதிலோடு ஒட்டினாற்போல் ட்ராம் மணியடித்துக்கொண்டு வளைந்து போகிறது. அகலமாக்காத தெருவில் அதற்குப் போதுமான இடம் இருந்திருக்கிறது!

நான் நடந்து வந்த விட்கிஃப்ட் சென்ரரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அந்த நிலத்தில் முன்பு பேராயரின் அறக்கட்டளை நடத்திய பள்ளிக்கூடம் இருந்தது. 1965இல் பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே ஷேர்லி பக்கம் போக, வெறும் நிலத்தில் கடைத்தொகுதி எழும்பி 1970இல் திறந்தது. முதலில் கூரையில்லை, வானம் பார்த்த நடைபாதைகள். கூரை பிறகு வந்தது. நிலம் இன்றும் அறக்கட்டளையுடையது. நீங்கள் அங்கே பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கியிருந்தால், அந்தக் காசில் ஒரு துளி, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மாவின் அறைக்கும் போயிருக்கும். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கடைத்தெரு வாடகை வருகிற மாதிரி.

அங்கிருந்து சரிவில் இறங்கினால் சரே தெரு. 1276இல் பேராயர் கில்வோட்பி இங்கே சந்தை கூட்ட அரச அனுமதி பெற்றார். முதலில் அது ஒரு பெரிய முக்கோண வெளி. சந்தை நாளில் தட்டி கட்டி விற்றவர்கள் மெல்ல மெல்லத் தட்டியைக் கழற்றாமல் விட்டார்கள். பிறகு கூரை, பிறகு சுவர், பிறகு மேல்மாடி. வெளி முழுக்க வீடாகிப்போய், ஆள் உரசிக்கொண்டு போகிற சந்துகள்தான் மிஞ்சின. எங்கேயும் சந்தைக்காரர்கள் ஒரே சாதிதான்! 1890களில் நகரசபை அந்த நெருக்கத்தில் ஒரு பகுதியை இடித்து ஹை ஸ்ரீற்றை அகலமாக்கியது. 1801இல் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர், ரயில் வந்து, நூறு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டிருந்தது. 1896இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரத்தோடான நகர மண்டபம் அந்தப் பெருமிதத்தின் அடையாளம்.

சந்தை மட்டும் சரே தெருவில் ஒதுங்கி உயிரோடிருக்கிறது. மரக்கறியைக் கிண்ணம் கிண்ணமாக வைத்து, கிண்ணம் இவ்வளவு என்று கூவி விற்பார்கள். நிறுப்பது கிடையாது. நான் போன நாளில் ஒரு மேசையில் வெண்டிக்காய், பக்கத்தில் ஜமேய்க்கா மிளகாய், அதற்குப் பக்கத்தில் வாழைக்காய். வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்க்க விரலை நீட்டினேன். கடைக்காரர், வெள்ளைக்காரர்தான், "அதெல்லாம் பிஞ்சுதான், முறிக்காதே" என்றார். அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

இன்னும் கீழே போனால் தேவாலயமும் பழைய அரண்மனையும். ஐந்நூறு வருடத்துக்கு மேலாகக் கன்ரபரி பேராயர்கள் கோடையைக் கழித்த மாளிகை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதை விற்றுவிட்டார்கள். அரசி வந்து தங்கிய மண்டபம் துணி வெளுக்கிற இடமாகிப்போனது. 1889இல் கன்னியர் மடத்தவர் அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 2025 கோடையோடு அதுவும் மூடப்படும் என்று 2023இல் அறிவித்தார்கள். தேவாலயத்தை 1867இல் தீ தின்றது. கோபுரத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்பக் கட்டினார்கள். விட்கிஃப்ட் அதற்குள்தான் துயில்கிறார்.

தீ என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2011 ஆகஸ்ட் 8ஆம் திகதி இரவு, கலவரத்தில், 1867 முதல் ஒரே குடும்பம் நடத்திவந்த ரீவ்ஸ் தளபாடக் கடை பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கடையின் இரண்டு கட்டடங்களில் ஒன்று சாம்பலானது. எதிரே நிற்கும் மற்றதில் வியாபாரம் நடந்தது. ட்ராம் தரிப்பிடத்துக்கு இன்றும் 'ரீவ்ஸ் கோர்னர்' என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகான குரொய்டன் கதை சந்தோசமானது என்று சொல்ல முடியாது. 1862இல் தொடங்கிய ஆல்டர்ஸ் பெருங்கடை 2012இல் நொடித்தது. அதே வருடம் நெஸ்லே தன் கோபுரத்தை விட்டுப் போனது. பெரிய கம்பனி ஒன்று வந்து எல்லாவற்றையும் இடித்து, பளபளவென்று புதுக் கடைத்தொகுதி கட்டப்போகிறது என்று 2013இல் சொன்னார்கள். அதை நம்பியே பழைய கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. புதுசு வரவில்லை, பழசும் போய்விட்டது. 2020 நவம்பரில் நகரசபையே கையில் காசில்லை என்று அறிவித்தது.

அலுவலகக் கோபுரங்கள் என்ன ஆயின? 2013இல் ஒரு விதி வந்தது: அலுவலகத்தை வீடாக மாற்றத் திட்ட அனுமதி தேவையில்லை. தட்டெழுத்துச் சத்தம் கேட்ட மாடிகளில் கட்டில் போட்டார்கள். சில வீடுகள் பரவாயில்லை. சிலதில், அலுவலகத்துக்கென்று போட்ட கண்ணாடிக்குப் பின்னால் குடும்பம் நடக்கிறது. 2015இல் நகரசபை அதற்குக் கடிவாளம் போட்டது. கட்டடத்தை இடிக்காமல் வேறு வேலைக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் அலுமாரிக்குப் போதுமான இடத்தை அறை என்று சொன்னால் பொறுக்க முடியவில்லை.

அதேசமயம் புதுக் கோபுரங்களும் எழும்பின. குரொய்டன் என்ற பெயருக்குக் குங்குமப்பூப் பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்வார்கள். அந்த நினைப்பில் சஃப்ரன் ஸ்குவெயர் என்று பெயரிட்டு, ஊதாவும் சிவப்புமாய் 43 மாடியில் ஒன்று கட்டினார்கள். ஜோர்ஜ் தெருவில் 2020இல் முடிந்த இரட்டைக் கோபுரம் இன்னும் விசித்திரம். 44 மாடியும் 38 மாடியும். பெட்போர்ட் தொழிற்சாலையில் குளியலறை, குசினியோடு செய்து முடித்த 1,526 பெட்டிகளை லொறியில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் தூக்கி அடுக்கிவிட்டார்கள். உள்ளே 546 வீடுகள். நாணயம் அடுக்கிய சீஃபெர்ட்டுக்குப் பக்கத்திலேயே இப்போது பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

என்னோடு வரிசையில் நின்ற சிநேகிதனின் மகள் அதில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். இந்தக் கடிதத்துக்காக ஊரை இன்னொரு தரம் சுற்றிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அவளிடம் போனோம். லிப்டில் காது அடைத்தது. சரே தெருவில் வாங்கிய வெண்டிக்காயைக் குசினிக்குள் வைத்துவிட்டு வந்தபோது, அவன் யன்னலில் நெற்றி முட்ட நின்றுகொண்டிருந்தான். மகள் தேத்தண்ணியோடு வந்து, "அப்பா, என்ன அப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கையால் கூப்பிட்டு, கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினான். "இஞ்ச வா. சந்திரன் கீழ கிடக்குது பார்."

அன்புடன்,
ஆசிரியர்