பச்சைக் குழாய், சிவப்புக் குழாய்!

வங்காளதேசத்துக் கிராமங்களில் ஒரு சமயம் அடிகுழாய்களுக்குச் சாயம் பூசினார்கள். சில குழாய்களுக்குப் பச்சை. சில குழாய்களுக்குச் சிவப்பு.

அழகுக்காகப் பூசியது அல்ல. பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் தண்ணீரில் நஞ்சு!

2000-ம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்தார்கள். சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பு ஆயின. அந்தத் தண்ணீரைத்தான் தாய்மார்கள் அதுவரை நல்ல தண்ணீர் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்து வந்தார்கள்.

யார் செய்த தவறு இது?

குளமும் குழாயும்

முன்பு அந்த மக்கள் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். குளிப்பது அதில். துவைப்பது அதில். மாடு இறங்குவதும் அதில். காலராவும் வயிற்றுப்போக்கும் பச்சைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின.

"கிருமி இல்லாத தண்ணீர் வேண்டும்" என்றார்கள் டாக்டர்கள். நியாயமான பேச்சு. 1970-ம் ஆண்டுகளில் யூனிசெப் நிறுவனம் உதவிக்கு வந்தது. ஊர் ஊராக அடிகுழாய் போட்டார்கள். அதைப் பார்த்து மக்களும் சொந்தக் காசில் வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். அதைப் பழிப்பது சரி அல்ல. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

கையில் காய்ப்பு

1983-ம் ஆண்டு கல்கத்தாவில் கே.சி.சாகா என்ற தோல் நோய் டாக்டர், கிராமத்து நோயாளிகள் சிலரைப் பார்த்தார். உடம்பில் கரும்புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் காய்த்துத் தடித்திருந்தன. அது ஆர்சனிக் நஞ்சின் வேலை என்று கண்டுகொண்டார். நம் ஊரில் பாஷாணம் என்கிறோமே, அந்த இனம்தான்.

நஞ்சு எங்கிருந்து வந்தது? அவர்கள் குடித்த குழாய்த் தண்ணீரில் இருந்து!

எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்துக் குழாய்களில் 1993-ம் ஆண்டுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். இடையில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த நஞ்சுக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ருசி இல்லை. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குடித்த உடனே எதுவும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே புள்ளி தோன்றும். முற்றினால் புற்றுநோய் வரும். புள்ளி விழுந்தவர்களைத் தொழுநோயாளி என்று தவறாக நினைத்து ஒதுக்கியவர்களும் உண்டு. கலியாணம் நின்றுபோன பெண்களும் உண்டு. நஞ்சைவிடக் கொடுமை அது.

மண்ணுக்குள் நடந்தது என்ன?

யாரும் நஞ்சைக் கொண்டுபோய்க் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகளில் ஆர்சனிக் சிறிதளவு உண்டு. பாறை தேய்ந்து மணலாகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் அந்த மணலைச் சுமந்துவந்து வங்காளத்தில் பரப்புகின்றன. மணல் துகளின் மேல் இரும்புத் துரு படிந்திருக்கும். ஆர்சனிக் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும்.

மணலோடு செடி கொடிகளும் புதைகின்றன. பூமிக்கு அடியில் அவை மக்குகின்றன. அங்கே காற்று எட்டாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அங்கே வாழ்கின்றன. நாம் காற்றைக் கொண்டு மூச்சு விடுகிறோம். அவை இரும்புத் துருவைக் கொண்டு மூச்சு விடுகின்றன! துரு கரைகிறது. பிடி விட்டுப்போன ஆர்சனிக் தண்ணீரில் கலக்கிறது.

பாறையின் கதை பூமியைப் பற்றிய படிப்பு. துருவின் கதை ரசாயனம். சிற்றுயிரின் கதை உயிரியல். குடித்தவர் உடம்பில் நடப்பது வைத்தியம். பள்ளிக்கூடத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் புத்தகம், தனித்தனி வாத்தியார். பரீட்சைக்கு அது வசதி. ஒரு குடம் தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியுமா?

டாக்டரைக் கேட்டவர்கள், மண்ணைப் படித்தவரைக் கேட்கவில்லை. மண்ணைப் படித்தவர்களும் கோட்டை விட்டார்கள். 1992-ம் ஆண்டில் பிரிட்டிஷ் நில ஆய்வு நிறுவனம் வங்காளதேசத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. பல பொருள்களுக்குச் சோதனை செய்திருந்தார்கள். ஆர்சனிக்குக்குச் செய்யவில்லை! லண்டனில் வழக்கு நடந்தது. அந்த மக்களுக்கு நிறுவனம் கடமைப்பட்டது அல்ல என்று 2006-ம் ஆண்டு பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற காரியத்தில் "அது என் இலாகா அல்ல" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவான துன்பம் உண்டு. தருமபுரிப் பக்கம் பாறையில் இருந்து புளூரைடு தண்ணீரில் இறங்கி, பலருடைய பல்லில் பழுப்புக் கறை ஏற்றியது. எலும்பையும் கெடுத்தது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட வேண்டியதாயிற்று.

வண்ணம் சொல்லும் சேதி

வங்காளதேசத்தில் குழாய் இறக்கும் தொழிலாளிகள் சிலர் மணலின் நிறத்தைக் கவனித்தார்கள். சாம்பல் நிற மணலில் வரும் தண்ணீரைவிட, செம்பழுப்பு மணலில் வரும் தண்ணீர் பெரும்பாலும் நல்லதாக இருந்தது. காரணம், செம்பழுப்பு மணலில் துரு கரையாமல் இருக்கிறது. பின்னர் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. 150 மீட்டருக்கும் கீழே உள்ள தண்ணீரும் பெரும்பாலும் நல்லதே.

ஆகவே குழாய் இறக்கும் இடத்தில் டாக்டரும், ரசாயனம் படித்தவரும், மண்ணைப் படித்தவரும் ஒன்றாக நிற்க வேண்டும். அந்தத் தொழிலாளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் இறக்கிய பிறகு ஒரு தடவை சோதித்தால் போதாது. ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

பூசிய சாயம் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துவிட்டது. குழாயைப் பார்த்து எது பச்சை, எது சிவப்பு என்று சொல்ல முடியவில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குழாய்களில்கூட ஒன்று நல்லது, ஒன்று நஞ்சு என்று இருப்பது உண்டு. எது எது என்று குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு யார் சொல்வது?